திரும்பிப் பார்க்காமல் பூட்டுகிறவள்

என் அக்கா காரைப் பூட்டும்போது திரும்பிப் பார்க்க மாட்டாள். கதவைச் சாத்துவாள், பையைத் தோளில் மாட்டுவாள், நடக்க ஆரம்பிப்பாள். நாலு எட்டு வைத்ததும் சாவி இருக்கிற கையை இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோய் ஒரு அழுத்து. அவ்வளவுதான். விளக்கு மினுக்கியதா, பூட்டு விழுந்த சத்தம் வந்ததா என்றெல்லாம் அவள் கவலைப்பட்டதே இல்லை.

அவள் நர்ஸ். ஆஸ்பத்திரியில் இருக்கிற நர்ஸ் இல்லை, வீடு வீடாகப் போகிற நர்ஸ். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்கள், காலில் புண் ஆறாதவர்கள், தாங்களே ஊசி போட்டுக்கொள்ளப் பயப்படுகிறவர்கள் என்று வாரத்துக்கு நாற்பத்துமூன்று பேர் அவள் கணக்கு. முப்பத்தோரு வருஷமாக இதே வேலை. சின்னக் கார், பின் சீட்டில் மருந்துப் பை, முன் சீட்டில் நான் கட்டிக் கொடுக்கிற சாப்பாடு. அந்தச் சாப்பாடு பாதி நாள் அப்படியே திரும்பி வரும். அதற்கு நான் திட்டுவேன். திட்டு முடிவதற்குள் அவள் மாடிக்குப் போய்விடுவாள், திரும்பிப் பார்க்காமல்.

ஏன் இப்படி என்று ஒரு தடவை கேட்டேன்.

"வாசல்ல நின்னு திரும்பிப் பாத்தேன்னு வை, படுத்திருக்கிறவங்க கண்ணு என்னைப் புடிச்சுக்கும். இன்னும் அஞ்சு நிமிஷம் உக்காரேன்னு கெஞ்சும். நான் உக்காந்தா அடுத்த வீட்ல அஞ்சு நிமிஷம் லேட்டு. அவரும் வாசலைத்தானடீ பாத்துக்கிட்டு இருப்பாரு?"

வேலைக்காகப் பழகினது, பிறகு எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. கல்யாணம் வேண்டாம் என்று வீட்டில் சொன்னதும் இப்படித்தான். கூடத்தில் நின்று சொன்னாள், சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். யார் முகம் எப்படிப் போயிற்று என்று பார்க்கவில்லை. பார்த்தது நான். எங்கள் வீட்டில் செய்வது அவள் வேலை, பார்ப்பது என் வேலை. எனக்கு ஐம்பத்துமூன்று வயது, அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். மாடியில் ஒரு அறையும் ஒரு குளியலறையும் அவளுக்கு. சாப்பாடு கீழே எங்களோடு.

இப்போது அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது.

அம்மாவுக்கு அறுபது வயதில் ஞாபகம் போக ஆரம்பித்தது. ஆரம்பம் கதவில்தான். மத்தியானம் எல்லோரும் வெளியே போயிருக்கும்போது பின்கதவைத் திறந்து போட்டுவிட்டு அவளும் கிளம்பிப் போயிருப்பாள். கேட்டால் பூட்டினேனே என்பாள். நாங்கள் சிரித்தோம். காற்று தள்ளியிருக்கும் என்றோம். அப்புறம் அலமாரிக் கதவு, அப்புறம் தெருக்கதவு. ஏழு வருஷம் இழுத்தது. அம்மாவைக் குளிப்பாட்டியது, தலைவாரியது, புண் வராமல் புரட்டிப் படுக்க வைத்தது எல்லாம் அக்கா. கடைசி ஒரு வருஷம் அம்மா அவளை "நர்ஸம்மா" என்றுதான் கூப்பிட்டாள். என்னை ஒன்றுமே கூப்பிடவில்லை. அதில் எது மேல் என்று நாங்கள் இரண்டு பேரும் இன்றுவரை முடிவு செய்யவில்லை.

அதனால், கடந்த இரண்டு மாதங்களில் அக்காவின் கார் திறந்து கிடந்தது என்று தெரிந்தபோது எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

முதல் தடவை மழை. ஒரு நோயாளி வீட்டிலிருந்து ஓடி வந்தவள், சாவியை எடுப்பதற்கு முன்னாலேயே அவசரத்தில் கைப்பிடியை இழுத்திருக்கிறாள். திறந்துகொண்டது. பூட்ட மறந்துவிட்டேன் போலிருக்கிறது என்று அதை என்னிடம் சாதாரணமாகத்தான் சொன்னாள். நானும் சாதாரணமாகத்தான் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது தடவை ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி சொன்னார். "ஏம்மா, ஒருத்தன் உங்க கார் கைப்புடியை இழுத்துப் பாத்தான், கதவு தொறந்துக்கிச்சு. நான் வெரட்டிட்டேன். பூட்டிட்டுப் போகக் கூடாதா?" மூன்றாவது தடவை விரட்ட யாரும் இல்லை. பின் சீட்டில் இருந்த குளிர்ப்பையும் அதில் ஐந்து பேருக்கான இன்சுலினும் போய்விட்டன. கண்ணாடி உடையவில்லை, பூட்டில் கீறல் இல்லை. திறந்திருந்த கதவைத் திறந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அன்றைக்கு ஐந்து பேருக்கும் ஊசி போய்ச் சேர சாயங்காலம் ஆகிவிட்டது. ஒரு பெரியவருக்குத் தலைசுற்றல் வந்துவிட்டது.

அக்காவின் மேலாளரம்மா நல்ல மாதிரி, ஆனால் அவரும் மேலே பதில் சொல்ல வேண்டியவர். திங்கட்கிழமைக்குள் எழுத்தில் விளக்கம் கொடுங்கள் என்றார்.

ஒன்றை மனதில் நினைத்துவிட்டால் பார்க்கிறதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்ல ஆரம்பிக்கும். அக்கா கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுத் தேடினாள். நான் அதைத் தினம் இரண்டு தடவை செய்கிறவள், ஆனாலும் அவள் செய்தபோது அதைக் கணக்கில் எழுதிக்கொண்டேன். நான் அவளைச் சோதிக்க ஆரம்பித்தேன். முந்தாநாள் என்ன சமைத்தேன் என்று கேட்பேன். சர்க்கரை டப்பாவை இடம் மாற்றி வைத்துவிட்டு, எங்கே இருக்கிறது எடுத்துக் கொடு என்பேன். அவள் எடுத்துக் கொடுத்துவிட்டு மாடிக்குப் போவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் கீழே வந்தபோது ஒரு கையில் கடிதம், ஒரு கையில் கார் சாவி. என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, இனிமே காரை நீங்க வெச்சுக்குங்க. நான் ஓட்டப் போறதில்ல."

"ஏன் அண்ணி? பிரேக் ஏதாவது போயிடுச்சா?"

"பிரேக் நல்லாத்தான் இருக்கு. ஓட்டறவதான் சரியில்ல."

அவர் நகவெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். சங்கடமான எதுவும் வந்தால் அவருக்குப் பார்க்க ஒரு இடம் வேண்டும், அது நான்தான். நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன். நாலே வரி. ஞாபக மறதி காரணமாகப் பணியைத் தொடர இயலவில்லை, நாளை முதல் விடுவிக்கவும். கீழே கையெழுத்து. கையெழுத்து எப்போதும்போல் குண்டு குண்டாக, ஒரு நடுக்கம் இல்லாமல் இருந்தது.

"டாக்டர்கிட்ட காட்டாம நீயே முடிவு பண்ணிட்டியா?"

"அம்மாவைப் பாத்தவளுக்கு டாக்டர் எதுக்குடீ? அடுத்த தடவை நான் மறக்கறது கதவா இருக்காது. ஊசியில எவ்வளவு மருந்து ஏத்தணும்கிறதா இருக்கும். அதுவரைக்கும் காத்திருக்கச் சொல்றியா?"

இப்படி யாராவது கேட்டால் நான் ஏதாவது வேலையைக் கையில் எடுத்துக்கொள்வேன். காரில் என் சாப்பாட்டு டப்பாக்கள் மூன்று நாளாகக் கிடக்கின்றன என்று அவள் கையிலிருந்து சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனேன்.

அந்தச் சாவியை நான் அதற்கு முன் தொட்டதில்லை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. சாவி என்றா சொன்னேன், காயம்பட்ட கட்டைவிரல் மாதிரி இருந்தது அது. சுற்றிலும் வெள்ளை பிளாஸ்திரி. பட்டனை அழுத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் அழுத்தினேன். கார் என்னைச் சட்டை செய்யவில்லை.

"இது என்னக்கா, செத்துக் கெடக்கு?" என்று வாசலிலிருந்தே கத்தினேன்.

அவள் வந்தாள். "ரெண்டு பக்கமும் அமுக்கிப் புடிச்சு அழுத்து. வேலை செய்யும்." அவள் வாங்கி, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி பிழிந்தாள். விளக்கு மினுக்கியது, கதவு திறந்தது. "பேட்டரி தீரப்போகுது போல. மாத்திட்டுக் குடுக்கறேன். ரிப்பேரான சாமானை இன்னொருத்தர் தலையில கட்டறது எனக்குப் புடிக்காது."

நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஆனால் என் புத்தியில் அம்மாவின் பின்கதவுதான் ஆடிக்கொண்டிருந்தது.

பேட்டரிக் கடை ஞாயிற்றுக்கிழமை திறக்காது. காரை விற்ற இடத்தில் கொடுத்தால்தான் சரியாகச் செய்வார்கள் என்றார் என் வீட்டுக்காரர். அவர் பல்பு மாற்றுவதற்கே ஆள் கூப்பிடலாமா என்று கேட்கிறவர், அதனால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. என் சமையலறைத் தராசுக்குள் பொட்டு மாதிரி வட்டமான பேட்டரி ஒன்று உண்டு என்று எனக்குத் தெரியும், போன வாரம்தான் புதிது போட்டேன். எடுத்துப் பார்த்தேன். முதுகில் இரண்டாயிரத்து முப்பத்திரண்டு என்று எண். "உன்னுது என்ன நம்பர்?" என்றேன். அக்கா யோசிக்கக்கூட இல்லை. "அதேதான். ரெண்டாயிரத்து முப்பத்திரண்டு."

சாப்பாட்டு மேஜையில் அக்கா ஒரு வெள்ளைத் துண்டை விரித்தாள். அவள் பையிலிருந்து சின்ன எவர்சில்வர் தட்டு, இடுக்கி, பஞ்சு எல்லாம் வந்தன. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தாள்.

"சாவிக்கு மயக்க மருந்து குடுக்கலையா?" என்றேன்.

"வாயை மூடிட்டு லைட்டைப் போடு."

பிளாஸ்திரியை ஓரத்திலிருந்து உரித்தாள், வலிக்காமல் உரிக்கிற மாதிரி மெதுவாக. சாவியின் ஓரத்தில் இருந்த சின்னப் பள்ளத்தில் ஒரு நாணயத்தை நுழைத்துத் திருப்பினாள். டக்கென்று இரண்டாகப் பிளந்தது. உள்ளே பச்சைத் தகடு, அதன்மேல் ஒரு வட்டக் குழி, குழியில் பேட்டரி. எண் தெரிகிற பக்கம் மேலே இருக்கிறது என்பதை எனக்குக் காட்டிவிட்டு, இடுக்கியால் தொடாமல் நகத்தால் நெம்பி எடுத்தாள். இரும்பு பட்டால் பேட்டரி வீணாகிவிடுமாம். அதன் அடியில் ஏதோ அழுக்கு வெள்ளையாக ஒட்டிக்கொண்டு வந்தது. அதைத் தட்டில் போட்டாள். குழியைப் பஞ்சால் துடைத்தாள்.

பிறகு, என் கண் முன்னால், பையிலிருந்து காஸ் துணிச் சுருளை எடுத்தாள். புண்ணின் மேல் வைத்துக் கட்டுவார்களே, அந்த மெல்லிய வலைத்துணி. கத்தரிக்கோலால் நகம் அளவுக்கு வெட்டினாள், இரண்டாக மடித்தாள், குழிக்குள் வைத்தாள். அதன்மேல் என் தராசுப் பேட்டரியை வைத்து அழுத்தினாள்.

"அது எதுக்கு?"

"எது?"

"அந்தத் துணி."

"மெத்தை. இல்லேன்னா உள்ள லொடலொடன்னு ஆடும். கீழ விழுந்ததுலேர்ந்து மூடி சரியா உக்காரல. ஆடற இடத்துல மெத்தை வெச்சுக் கட்டினாதான் நிக்கும். கை ஒடிஞ்சா சிம்பு வெச்சுக் கட்டறோம்ல, அது மாதிரி."

"எப்ப விழுந்துச்சு?"

"பதினோரு வாரம் முன்னாடி, செவ்வாக்கெழமை. அந்தத் தையல்காரம்மா வீட்டுப் படியில. வலது கால் கட்டைவெரல்ல புண்ணு அவங்களுக்கு. அன்னிக்குத்தான் புதுத் தோல் வர ஆரம்பிச்சுது. அந்தச் சந்தோஷத்துல கையிலேர்ந்து நழுவிடுச்சு. அவங்க வீட்டுத் திண்ணைல உக்காந்தே சாவிக்குக் கட்டுப் போட்டேன்."

"உன் கார் மொத மொத தொறந்து கெடந்தது எப்ப?"

அவள் மூடியை மூடப்போன கை நின்றது. "அதுக்கு அடுத்த வெள்ளிக்கெழமை," என்றாள். அப்புறம் தட்டில் கிடந்த அந்தப் பழைய அழுக்குத் துணியை இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

நான் படித்தவள் இல்லை. ஆனால் மிக்ஸி, கிரைண்டர், குக்கர், அயர்ன் பாக்ஸ் எல்லாவற்றோடும் முப்பது வருஷம் மல்லுக்கட்டியவள். பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் துணியை வைத்தால் கரண்டு வராது என்பது எனக்குத் தெரியும். பேட்டரியின் அடிப்பக்கம் தகட்டைத் தொட வேண்டும். இவள் நடுவில் மெத்தை போட்டிருக்கிறாள். பிழிந்து அழுத்தினால் துணி நசுங்கித் தொடும். நடந்துகொண்டே, தோளில் பையின் பாரத்தோடு, ஒரே விரலால் போகிறபோக்கில் அழுத்தினால்?

"மூடு. பிளாஸ்திரி போடாதே. வா வெளிய," என்றேன்.

காரைத் தெருவில் நிறுத்தினோம். வீட்டில் இருக்கும்போது அது கேட்டுக்கு உள்ளே நிற்கும், பூட்டியிருக்கிறதா என்று யாரும் இழுத்துப் பார்த்ததில்லை. நான் கதவருகே நின்றேன்.

"வேலைக்குப் போற மாதிரியே நட. பையோட. பிழியாதே. என்னிக்கும் அழுத்தற மாதிரி அழுத்து."

அவள் நடந்தாள். நாலு எட்டு, கை பின்னால் போனது. நான் கைப்பிடியை இழுத்தேன். திறந்தது.

"பூட்டல."

அடுத்தது பூட்டியது. அதற்கடுத்த இரண்டும் பூட்டவில்லை. பத்துத் தடவை நடந்தாள். நாலு தடவைதான் பூட்டியது. என் வீட்டுக்காரர் மாடிக் கைப்பிடிச்சுவர் வழியாக எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் என்ன பண்றீங்க? தெருவே பாக்குது."

"பாக்கட்டும். நீங்களும் பாருங்க, செலவில்ல," என்றேன்.

அங்கேயே, காரின் முன்பக்க மூடிமேல் வைத்து, நாணயத்தால் சாவியை மறுபடி பிளந்து அந்தப் புதுத் துணியை எடுத்து எறிந்தேன். பேட்டரியை நேராகக் குழியில் உட்கார வைத்து, மூடியை அழுத்தி, பிளாஸ்திரியை வெளியே மட்டும் சுற்றினேன். கொஞ்சம் ஆடத்தான் செய்தது. ஆடிவிட்டுப் போகட்டும். அக்கா மறுபடி நடந்தாள். பூட்டியது. மறுபடி. பூட்டியது. பத்துக்குப் பத்து. ஒன்பதாவது தடவை "பூட்டிருச்சு" என்று சொல்வதற்குப் பதில் கையை மட்டும் தூக்கினேன். அவள்தான் திரும்பிப் பார்க்க மாட்டாளே. "என்னடீ, பூட்டுச்சா இல்லையா, வாயைத் தொறந்து சொல்லு," என்று அங்கிருந்தே கத்தினாள்.

பிறகு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தினமும் காலைல பல்லு வெளக்கும்போது நாப்பத்துமூணு பேரையும் வரிசையா சொல்லிப் பாப்பேன். யாருக்கு என்ன மருந்து, எவ்வளவு, எந்தக் கை. ஒருநாளும் ஒண்ணும் விட்டுப் போகல. இருந்தாலும் நான் நம்பல. கதவு தொறந்திருந்துச்சே. கதவு பொய் சொல்லுமா?"

"நானும்தான் நம்பல. உன்னை..."

"தெரியும். சர்க்கரை டப்பாவை நாலு தடவை எடம் மாத்தினே. நாலாவது தடவை பருப்புக்குப் பின்னாடி வெச்சே. அது நல்ல எடம், அங்கேயே இருக்கட்டும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன்.

அவள் கடிதத்தைக் கேட்டாள். கிழிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். மேஜைக்குப் போய், பேனாவை எடுத்து, ஞாபக மறதி என்பதை ஒரே கோடாக அடித்தாள். வேறொரு தாளில் புதிதாக எழுதினாள். சாவி பழுதானபோது நானே தவறாகச் சரிசெய்தேன், அதனால் பூட்டு விழவில்லை, மருந்து தொலைந்ததற்கு நான்தான் பொறுப்பு, என்ன நடவடிக்கையோ எடுக்கவும்.

"ஏன், சாவி கெட்டுப்போச்சுன்னு எழுதினா போதாதா?" என்றேன்.

"சாவி தானா கெடல. துணி வெச்சு அடைச்சது யாரு? நான்தானே? அந்தப் பெரியவர் தலைசுத்திக் கெடந்தாரே." பேனாவை மூடினாள். "தப்புன்னா தப்புன்னு எழுதறதுல எனக்கென்ன. தப்பை நான் திருத்திக்குவேன். அந்த இன்னொண்ணைத்தான் யாராலும் திருத்த முடியாது."

தப்பு செய்தேன் என்று எழுதிவிட்டு இவ்வளவு தெம்பாக எழுந்து நடந்த ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மேலாளரம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தாராம். "முப்பத்தோரு வருஷ சர்வீஸ்ல சாவிக்கெல்லாம் கட்டுப் போட்டிருக்கீங்களே," என்றாராம். ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார், இனி மருந்துப் பையைக் காரில் விடாமல் கையோடு கொண்டுபோக வேண்டும் என்றார். அக்கா கையெழுத்துப் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். தலைசுற்றல் வந்த பெரியவரிடம் போய் நடந்ததைச் சொன்னாளாம். அவர், "என் சட்டை பட்டன்கூட ஆடுது, அதுக்கும் ஒரு கட்டுப் போட்டுட்டுப் போம்மா," என்று சொன்னதாகச் சொல்லி, அன்று சாப்பிடும்போது தானே சிரித்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாட்டு டப்பா காலியாக வந்திருந்தது.

இனிமேலாவது பூட்டும்போது ஒரு பார்வை பாரேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். சரி என்றாள். பார்ப்பதில்லை.

இப்போது அவள் கார் கேட்டுக்குள் வந்து நிற்கிற சத்தம் கேட்டால் நான் அடுப்பைத் தணித்துவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன். அவள் கதவைச் சாத்துகிறாள், இரண்டு பைகளையும் மாட்டுகிறாள், நாலு எட்டு வைக்கிறாள், கை பின்னால் போகிறது. விளக்கு மினுக்குகிறது. சாவி நன்றாக இருக்கும்போதே ஒரு நாள் கதவு திறந்து கிடந்தால் என்ன செய்வது என்று நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. அவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றும்போது என்னைப் பார்க்காமலேயே கேட்கிறாள்.

"பூட்டுச்சா?"

"பூட்டிருச்சு. கையைக் கழுவிட்டு வா," என்கிறேன்.